ரோடு டயரோடு மணலில் ஃபோர் வீல் டிரைவ்: நம்ம ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். தார், ஜிம்னி, கூர்க்கா, பழைய ஜிப்சி என்று எல்லாம் கண்ணில் படுகின்றன. லீவு கிடைத்ததும் திருவாடானை வழியாகத் தொண்டிக் கடற்கரைப் பக்கம் போகலாமா என்று யோசிக்கிறார்கள். நான் வளைகுடாவில் மணல் ஓட்டிப் பழகிவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால் சந்தேகங்கள் என்னிடம் வந்து சேர்கின்றன. பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். இதில் வரும் காற்று அளவெல்லாம் பி.எஸ்.ஐ. கணக்கு. பெட்ரோல் பங்கில் "முப்பது வைங்க" என்கிறோமே, அதே எண்.

அண்ணே, கம்பெனி குடுத்த ரோடு டயர்தான் இருக்கு. இதோட மணல்ல இறங்கலாமா, இல்ல ரோட்டுக்கும் கரடுமுரடுக்கும் பொதுவான ஏ.டி. (ஆல் டெரெய்ன்) டயர் மாத்தித்தான் ஆகணுமா?

இறங்கலாம் தம்பி. சேற்றில் டயர் முகத்தின் பட்டன் (தரையைக் கடிக்கும் கட்டை) ஆழமாக இருந்தால் அடியில் உள்ள கெட்டி மண்ணைக் கடித்து ஏறும். உலர்ந்த மணலில் கடிக்க எதுவும் இல்லை. பெரிய பட்டன் வைத்த எம்.டி. டயர், அதாவது சேற்று டயர், அங்கே சுழன்றால் மணலை வாரி எறிந்து தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். ரோடு டயரின் முகம் சமமாக இருப்பதால் மணலை அமுக்கி அதன்மேல் ஏறிப் போகும். காற்று சரியாக இறக்கிய ரோடு டயர், காற்று இறக்காத ஏ.டி. டயரைவிட மணலில் நன்றாகவே போகும்.

ஏ.டி. டயரால் லாபம் இல்லை என்று சொல்லவில்லை. அதன் பக்கச்சுவர் பொதுவாகத் தடிப்பாக இருக்கும். கல்லும் முள்ளும் உரசினால் தாங்கும். ரோடு டயர் தோற்கிற இடம் அதுதான், மணல் இல்லை. புது டயருக்கு ஆகும் பணத்தில் ஒரு சின்னப் பங்கை எடுத்து நல்ல காற்று கேஜ், 12 வோல்ட் கம்ப்ரசர், ஒரு மம்பட்டி, ஒரு கெட்டிப் பலகை வாங்குங்கள். முதலில் உதவப்போவது இவைதான்.

காத்தை இறக்கு, காத்தை இறக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. அதுல அப்படி என்னதான் இருக்கு?

ஒரு கணக்குப் போட்டால் புரிந்துவிடும். ஆளோடும் சாமானோடும் வண்டி 1600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 400 கிலோ. காற்று 32 என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.25 கிலோ அழுத்தம். அந்த 400 கிலோவைத் தாங்க டயர் சுமார் 178 சதுர சென்டிமீட்டர் அளவுக்குத் தரையைத் தொட்டாக வேண்டும். காற்றை 16 ஆக்கினால் அதே எடைக்கு 356 சதுர சென்டிமீட்டர் தேவைப்படும். பக்கச்சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் நடைமுறையில் அப்படியே இரண்டு மடங்கு வராது. ஆனாலும் தொடும் பரப்பு நிறையவே கூடும், மணலின் மேல் விழும் அழுத்தம் அந்த அளவுக்குக் குறையும்.

டயர் அகலமாகப் படுத்துக்கொள்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும். தடம் முன்னும் பின்னுமாக நீள்வதால்தான் அதிக லாபம். இரும்புப் பட்டை போட்ட பழைய கட்டை வண்டி ஆற்று மணலில் அச்சு வரை இறங்கும், டயர் மாட்டு வண்டி அதே பாரத்தோடு மேலாகவே போகும். அந்த வித்தியாசம்தான் இங்கேயும்.

சரி, எத்தனைக்கு இறக்கணும்? சுத்தி வளைக்காம ஒரு நம்பர் சொல்லுங்க.

18. ரோடு டயருக்கு அதில் தொடங்குங்கள். மணல் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் 20 கூடப் போதும். 18இல் வண்டி திணறினால் 15. அதற்கும் கீழே 12 வரை போகலாம், ஆனால் புதைந்த வண்டியை வெளியே எடுக்க மட்டும். ஸ்டீயரிங்கை ஒடிக்காமல் ஊர்ந்து வெளியே வந்து, உடனே மறுபடி ஏற்றிவிட வேண்டும். பின்னால் ஆளும் சாமானும் நிறைய இருந்தால் பின் டயர்களில் 2 கூட வையுங்கள்.

டயரின் பக்கச்சுவர் உயரத்தைப் பொறுத்து இது மாறும். டயரில் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள். 195/80 ஆர் 15 என்றால் 195 மில்லிமீட்டர் அகலத்தில் 80 சதவீதம் சுவர், அதாவது 15 சென்டிமீட்டருக்கு மேல். 225/55 ஆர் 18 என்றால் 12 சென்டிமீட்டர் சொச்சம்தான். உயரம் குறைந்த சுவர் படுப்பதற்கு இடம் இல்லை, கல் ஒன்று தட்டினாலும் ரிம் நேராக அடி வாங்கும். அப்படிப்பட்ட டயரில் 20க்குக் கீழே போகாதீர்கள். அந்த அளவில் நகராத மணல் என்றால் அந்த வண்டிக்கு அது ஏற்ற இடம் இல்லை என்று திரும்பிவிடலாம்.

எப்படி இறக்குறது? பங்க்ல இருக்கற மீட்டர் மாதிரி ஏதாவது வேணுமா?

வால்வு மூடியைக் கழற்றி, நடுவில் இருக்கும் பின்னைச் சாவி முனையாலோ கேஜின் பின்பக்கத்தாலோ அமுக்கினால் காற்று வரும். கொஞ்சம் விட்டு கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும், மறுபடி விட வேண்டும். கண்ணால் பார்த்து அளவு சொல்ல முடியாது. 0 முதல் 60 வரை அளவு போட்ட கேஜ் வாங்குங்கள். 150 வரை போகிற கேஜில் 15க்கும் 20க்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது.

ஒரு விஷயத்தைக் கவனிக்கத் தவறுகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாக வந்து நிறுத்தியதும் டயர் சூடாக இருக்கும், காலையில் 32 காட்டியது 36 காட்டும். அந்தச் சூட்டில் 18க்கு இறக்கினால் ஆறிய பிறகு 15, 16க்கு வந்துவிடும். அதனால் சூடாக இருக்கும்போது 20இல் நிறுத்துங்கள்.

நைட்ரஜன் அடிச்சிருக்கேன். அதைப் போயி வெளிய விடச் சொல்றீங்களே?

தாராளமாக விடுங்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். திரும்பும்போது சாதாரணக் காற்றை ஏற்றிக்கொண்டால் டயருக்கு ஒரு கெடுதலும் இல்லை.

காத்தைக் குறைச்சதும் டேஷ்போர்டுல மஞ்சள் விளக்கு எரியுது. வண்டி கெட்டுப்போச்சா?

இல்லை. டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் சென்சார் தன் வேலையைச் செய்கிறது. மறுபடி ஏற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டினால் அணைந்துவிடும். சில வண்டிகளில் ரீசெட் அமுக்க வேண்டியிருக்கும்.

4 ஹையா, 4 லோவா? எப்பப் போடணும்?

4 ஹை என்றால் நாலு சக்கரமும் சாதாரண வேகத்தில் இழுக்கும், 4 லோ என்றால் மெதுவாக, அதிக இழுப்போடு. மணலைத் தொடுவதற்கு முன்பே 4 ஹை போட்டுவிடுங்கள். பின் சக்கரம் சுற்ற ஆரம்பித்தபின் போடலாம் என்று காத்திருந்தால் அதற்குள் குழி தோண்டியிருக்கும். நம் பக்கத்துக் கடற்கரை மணலில் 4 ஹையில் 2ஆவது, 3ஆவது கியரே பெரும்பாலும் போதும். 4 லோ, மிகவும் தொளதொள மணலில் ஊர்வதற்கும் புதைந்த இடத்திலிருந்து மெல்ல வெளியேறுவதற்கும். 4 லோவில் 1ஆவது கியர் போட்டால் இழுப்பு அதிகமாகிச் சக்கரம் சட்டென்று சுழன்றுவிடும், அதனால் 2ஆவதில் கிளப்புங்கள்.

தார் ரோட்டுக்கு ஏறியதும் 2 ஹைக்கு (இரண்டு சக்கரம் மட்டும் இழுப்பது) மாற்ற மறக்காதீர்கள். தார், ஜிம்னி மாதிரி வண்டிகளில் 4 ஹை போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். திருப்பத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு வேகம் வேண்டும். மணலில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க இடமில்லாததால் கியர் பெட்டியும் அச்சும் முறுக்கு வாங்கும்.

ஆட்டோமேட்டிக் வண்டி வச்சிருக்கேன். டிராக்‌ஷன் கன்ட்ரோல், இ.எஸ்.பி. எல்லாம் இருக்கு. அதை என்ன பண்றது?

மணலில் எல்லாச் சக்கரமும் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும். வழுக்கலைத் தடுக்க வைத்த அந்த மின்னணு ஏற்பாடு அதைத் தப்பு என்று நினைத்து பிரேக் போடும், இன்ஜின் இழுப்பைக் குறைக்கும். வேகம் தேவைப்படும் இடத்தில் வண்டி மூச்சு அடங்கி நின்றுவிடும். மணல் மோடு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் பட்டனை அழுத்தி அணையுங்கள். எப்படி முழுதாக அணைப்பது என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். தாருக்கு ஏறியதும் திரும்பப் போட்டுவிடுங்கள். ஆட்டோமேட்டிக்கில் கியரை மேனுவல் நிலையில் 2இல் வைத்துக்கொண்டால் நடு ஏற்றத்தில் அது தானாக மேல் கியருக்குத் தாவாது.

காத்து இறக்கியாச்சு, 4 ஹை போட்டாச்சு. இனி எப்படி ஓட்டணும்?

ஒரே சீராக. அவ்வளவுதான், ஆனால் பழக வேண்டிய விஷயம் அது. மணல் வண்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும், அதை மீறி நகர ஓட்டம் வேண்டும். அதற்காக வெறி வேகம் கூடாது. 20, 30 கிலோமீட்டர் வேகம் பெரும்பாலும் போதும். கிளப்பும்போது ஆக்சிலேட்டரை மெதுவாக மிதித்து, சக்கரம் சுழலாமல் வண்டி உருள ஆரம்பித்த பிறகு கூட்டுங்கள். கியர் மாற்றுவதானால் சட்டென்று மாற்றுங்கள். கிளட்சை அமுக்கிக்கொண்டு யோசித்தால் அதற்குள் வண்டி நின்றுவிடும்.

பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள். பிரேக் போட்டால் ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் மணல் வரப்பு மாதிரி குவியும், மறுபடி கிளம்பும்போது அதைத்தான் முதலில் ஏற வேண்டியிருக்கும். காலை எடுத்துவிட்டால் வண்டி தானே நின்றுவிடும். நிற்கும் இடம் சின்ன இறக்கமாக, முகம் கீழே பார்த்து இருக்கட்டும். திருப்பம் அகலமாக எடுங்கள். ஒடித்துத் திருப்பினால் முன் சக்கரங்கள் ஏர் மாதிரி மணலைத் தள்ளும், காற்று குறைந்த டயர் ரிம்மை விட்டு நழுவவும் கூடும். முன்னால் போன வண்டியின் தடம் இருந்தால் அதிலேயே போங்கள், அமுங்கிய மணல் கெட்டியாக இருக்கும். அந்தத் தடத்துக்குள் ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது கைக்குத் தெரியாமல் போய்விடும், ஜன்னல் வழியே முன் சக்கரத்தை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரமும் முக்கியம். விடியற்காலை பனி ஈரத்தில் மணல் இறுகி இருக்கும். அதே இடம் மதியம் காய்ந்து தொளதொளத்துவிடும். காலையில் சுலபமாக உள்ளே போனவர் மதியம் திரும்பும்போது மாட்டிக்கொள்வது இதனால்தான். சாப்பாட்டுக்கு முன்பே வெளியே வந்துவிடுகிற மாதிரி திட்டம் போடுங்கள்.

மாட்டிக்கிட்டா முதல்ல என்ன பண்றது?

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். வண்டி நகரவில்லை, சக்கரம் மட்டும் சுற்றுகிறது என்று தெரிந்த உடனே விட்டால் பெரும்பாலும் ரிவர்ஸ் கியரிலேயே வந்த தடத்தில் பின்வாங்கிவிடலாம். இன்னும் இரண்டு மிதி மிதித்துப் பார்ப்போம் என்கிற நினைப்புதான் வண்டியை வயிறு வரை புதைக்கும். அச்சும் சேசிஸும் மணலில் உட்கார்ந்துவிட்டால் எடையை அவை தாங்கிக்கொள்ளும், சக்கரத்தின் மேல் எடை இருக்காது. பிறகு நாலு சக்கரம் சுற்றினாலும் ஒன்றுதான்.

ரிவர்ஸில் வரவில்லை என்றால் எல்லாரும் இறங்குங்கள். வண்டியைச் சுற்றி வந்து, எந்தச் சக்கரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, அடிவயிறு தட்டுகிறதா என்று பாருங்கள். வெளியே போகிற திசையில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் எதிரே இருக்கும் மணலைச் சரிவாக வாருங்கள். வயிற்றுக்கு அடியில் இருப்பதையும் வாருங்கள். மம்பட்டி இல்லையென்றால் கையாலேயே வாரலாம். அப்புறம் காற்றை 15க்கு, தேவைப்பட்டால் 12க்கு இறக்குங்கள். பாதிப் பேர் இதற்கு முன்பே வண்டியை இழுக்க ஆள் தேடப் போய்விடுகிறார்கள். வாரிவிட்டுக் காற்றை இறக்கினாலே பெரும்பாலான வண்டி தானாக ஏறிவிடும். ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். இரண்டு பேர் தள்ளினால் நல்ல உதவி, ஆனால் வண்டி நகரும் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

பனை மட்டை, தென்னை மட்டை வெட்டிப் போட்டா ஏறிடும்னு எங்க அய்யா சொல்வாங்க. சரியா?

அய்யா சொல்வது சரிதான், பனையில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பனை மட்டையின் இரண்டு ஓரத்திலும் கருக்கு இருக்கும், ரம்பப் பல் மாதிரி. காற்று இறக்கிப் படுத்திருக்கும் ரோடு டயரின் பக்கச்சுவரை அது கிழித்துவிடும். மட்டையை நறுக்கிவிட்டு ஓலையை மட்டும் போடுங்கள். தென்னை மட்டைக்கு அந்தப் பயம் இல்லை. கீற்றோடு குறுக்காகப் பரப்பிச் சக்கரத்துக்கு அடியில் கொஞ்சம் செருகிவிட வேண்டும். ஈரச் சாக்கும் உதவும். எதைப் போட்டாலும் முந்தைய பதிலில் சொன்னபடி முதலில் மணலை வார வேண்டும். தோப்புக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், விழுந்து கிடக்கும் மட்டையே போதும்.

டிராக்டரைக் கூப்பிட்டு இழுத்துட்டா வேலை முடிஞ்சுதே, எதுக்கு இவ்வளவும்?

டிராக்டர் நல்ல உதவிதான். எங்கே கட்டுகிறீர்கள் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. வண்டியோடு வரும் இழுவைக் கொக்கி எங்கே இருக்கிறது, எவ்வளவு தாங்கும் என்று கையேட்டில் முன்பே பார்த்து வையுங்கள். பம்பரிலோ, ஸ்டீயரிங் ராடிலோ, பின்னால் டிரெய்லர் மாட்டும் குண்டிலோ கட்டக் கூடாது. அந்தக் குண்டு முறிந்து பறந்தால் ஆள் உயிர் போகும். இரும்புச் சங்கிலியும் வேண்டாம். அகலமான பெல்ட் வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

டிராக்டர்காரரிடம் "வெட்டி இழுக்க வேண்டாம், பெல்ட் விறைத்த பிறகு மெதுவாக இழுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பெல்ட்டின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது, குழந்தைகள் இன்னும் தள்ளி. மணலை வாரிக் காற்றை இறக்கிய பிறகு இழுத்தால் பாதி இழுப்பே போதும், வண்டிக்கும் அடி படாது.

தொண்டிப் பக்கம் தண்ணி ஓரமா ஈர மணல் சிமெண்ட் மாதிரி இருக்கே. அதுல ஓட்டிட்டா சுலபம்தானே?

இந்தப் பக்கத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைக்கும் கேள்வி இது. திறந்த கடல் கரையில் அலை அடித்து அடித்து மணல் இறுகி இருக்கும், அங்கே ஈர மணல் கெட்டி என்பது உண்மை. நம் பக்கம் இருப்பது பாக் விரிகுடா. ஆழம் குறைவு, அலை மெலிவு. அதனால் வண்டல் கரையோரமே படிகிறது. பல இடங்களில் மேலே விரல் கனத்துக்கு மணல், அடியில் கருஞ்சேறு. காரங்காடு பக்கம் அலையாத்திக் காடு நிற்பதே அந்தச் சேற்றால்தான்.

அந்தச் சேற்றில் மேலே சொன்ன எதுவும் பெரிதாகப் பலிக்காது. காற்றை இறக்கினாலும் ரோடு டயரின் இடுக்கு சேற்றால் அடைத்துப் பந்து மாதிரி சுற்றும். நேரம் ஆக ஆகத் தண்ணீர் வேறு ஏறும். வண்டியை உலர்ந்த மணலில் நிறுத்திவிட்டு இறங்கி நடந்து பாருங்கள். குதிகாலை அழுத்தினால் கறுப்பாக வருகிறதா, தண்ணீர் ஊறுகிறதா, கால் உறிஞ்சுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் திரும்பிவிடுங்கள். உள்ளூர் மீனவர் ஒருவரிடம் கேட்பது இதையெல்லாம்விடச் சுலபம், எங்கே கால் இறங்கும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

அவ்வளவு தூரம் எதுக்கு? மானாமதுரைக்கிட்ட வைகை காஞ்சுதானே கெடக்கு, அங்க பழகலாமே?

வேண்டாம். மணல் அள்ளிய குழிகள் மேலே தூர்ந்து சமமாகத் தெரியும், உள்ளே தொளதொளவென்று இருக்கும். ஆற்றுக்குள் இறங்கிய வண்டியைப் பார்த்தால் மணல் கடத்தல் என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். கடத்தலில் வண்டியே பறிமுதல் ஆகும் என்பதால் அந்தச் சந்தேகத்துக்கே இடம் கொடுக்காதீர்கள். பழக வேண்டுமென்றால் கடலோரத்தில் தெரிந்தவர் தோப்பு இருந்தால் அவரிடம் கேட்டு அந்த மணல் பாதையில் பழகுங்கள். 100 மீட்டர் பாதை போதும், போய் நின்று ரிவர்ஸில் வந்து பழகலாம்.

நம்ம கண்மாய் வத்தியிருக்கும்போது அதுல ஓட்டலாமா? அதுவும் மணல் மாதிரிதானே?

கண்மாய் மணல் இல்லை. அடியில் வண்டலும் களிமண்ணும். மேலே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்திருக்கும், மடைப் பக்கம் ஒரு முழம் கீழே ஈரம் அப்படியே இருக்கும். பாளம் உடைந்தால் வண்டி நேராக உள்ளே இறங்கும். நம் செம்மண் பாதையும் வேறு கதை. காய்ந்திருந்தால் எந்தக் கவலையும் இல்லை, மழைக்குப் பிறகு ரோடு டயர் அதில் வழுக்கும். இரண்டுக்கும் மருந்து காயும் வரை காத்திருப்பதுதான்.

துபாய்ல என் மச்சான் 12லயே நாள் பூரா ஓட்டுறான். நீங்க 18ங்கிறீங்க?

மச்சான் ஓட்டுவது முள் இல்லாத, கல் இல்லாத மணல் மேடு. கூட நாலு வண்டி வரும், ஒருவர் மாட்டினால் இன்னொருவர் இழுப்பார். நம் பக்கம் மணல் என்றால் நடுவில் தோப்பு வேலி, கிளிஞ்சல், உடைந்த பாட்டில், எல்லாவற்றுக்கும் மேலாகச் சீமைக் கருவேல முள். காற்று குறையக் குறையப் பக்கச்சுவர் வெளியே பிதுங்கும், ரோடு டயரில் அதுதான் மெல்லிய இடம். முகத்தில் முள் ஏறினால் பஞ்சர் குச்சி போட்டு ஓட்டலாம். பக்கச்சுவரில் ஏறினால் ஒட்ட முடியாது, டயரே போச்சு. 18 என்பது மணலில் புதையாமல் மிதப்பதற்கும் முள்ளுக்கும் நடுவில் பார்த்து வைத்த எண். கருவேலம் மண்டிய பாதையில் 22க்கு ஏற்றிக்கொண்டு கடந்து, அந்தப் பக்கம் போய் இறக்குவது இன்னும் நல்லது.

டூ வீல் டிரைவ் பொலேரோவுல காத்து இறக்கிட்டுப் போனா போகாதா?

கெட்டியான இடத்தில் போகும். ஆனால் பின் சக்கரம் இரண்டும் புதைந்தால் வெளியே இழுக்க வேறு சக்கரம் இல்லை. கூட ஒரு ஃபோர் வீல் வண்டி இல்லாமல் போகாதீர்கள். சென்சார் பார்த்துத் தானாக நாலு சக்கரத்துக்கும் மாறும் ஆல் வீல் டிரைவ் வண்டிகளுக்கும் ஒரு வார்த்தை: அவற்றின் கிளட்ச் தொடர்ந்து வழுக்கினால் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ள டூ வீலுக்கு மாறிவிடும். கருகல் வாடை வந்தாலோ எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ நிறுத்தி ஆறவிடுங்கள்.

டயர் ரிம்மை விட்டுக் கழண்டுடுச்சு, காத்தே நிக்கல. நடு மணல்ல என்ன செய்ய?

முதல் வேலை ஜாக்கி. மணலில் ஜாக்கி தானே கீழே போகும், அதற்குத்தான் முதல் பதிலில் பலகை வாங்கச் சொன்னேன். பலகையின் மேல் ஜாக்கி வைத்துத் தூக்கி, மற்ற சக்கரங்களுக்கு அடை கொடுங்கள். ஸ்டெப்னி நல்லபடியாக இருந்தால் அதை மாட்டிவிடுவதுதான் விரைவு. இல்லையென்றால் ரிம் விளிம்பிலும் டயர் உதட்டிலும் ஒட்டிய மணலைச் சுத்தமாகத் துடைத்து, டயரைச் சுற்றிப் பெல்ட்டை இறுக்கிக் கட்டி, வால்வு பின்னைக் கழற்றிவிட்டுக் காற்று அடித்துப் பாருங்கள். சின்னக் கம்ப்ரசரில் இது சில சமயம் ஏறாது. பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி டயரை உட்கார வைக்கும் வீடியோக்கள் சுற்றுகின்றன. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

தம்பி, பேரன் வண்டியில மணலுக்குக் கூட்டிட்டுப் போறேங்கறான். எனக்கு இடுப்பு வலி இருக்கு. வரலாமா?

வரலாம் ஆச்சி. மணலில் வண்டி கல் பாதை மாதிரி தூக்கிப் போடாது, காற்று இறக்கிய பிறகு இன்னும் மெத்தென்று இருக்கும். முன் சீட்டில் உட்காருங்கள், பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். மணல் மேடு ஏறி இறங்குவதாக இருந்தால் மட்டும் முன்பே இறங்கிக்கொள்ளுங்கள், மேட்டின் அந்தப் பக்கம் சட்டென்று விழுந்தால் இடுப்பில் குத்தும். தண்ணீரும் மாத்திரையும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

கடற்கரையில வண்டி ஓட்ட அனுமதி இருக்கா? தனுஷ்கோடில ஓட்டுறாங்களே?

தனுஷ்கோடிக்கு ஒரு காலத்தில் வேன்கள் மணலிலும் தண்ணீரிலும்தான் போய்வந்தன. 2017இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்த பிறகு அந்தத் தேவை இல்லை, ரோட்டை விட்டு இறங்காதீர்கள். மணல் மேடுகளும் ஆமை முட்டையிடும் கரைகளும் அலையாத்திக் காடுகளும் கடலோர ஒழுங்குமுறை விதிகளில் மிகக் கண்டிப்பான பாதுகாப்புப் பிரிவில் வருகின்றன. பங்குனி ஆமை மணலுக்கு அடியில்தான் முட்டையிடும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தை முதல் சித்திரை வரை திறந்த கடற்கரை மணலில் சக்கரம் வைக்கவே வேண்டாம். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி எனும் செம்மணல் மேடுகளிலும் வனத்துறைக்குச் சொந்தமான பகுதிகள் உண்டு, அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள்.

மீனவக் கிராமத்துக் கரை அவர்களுடைய வேலை இடம். வலை விரித்திருக்கும், கருவாடு காயும், குழந்தைகள் விளையாடும். ஊரில் கேட்டு, அவர்கள் காட்டும் பாதையில் மட்டும் போங்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லித் திரும்பிவிடுங்கள்.

திரும்பி வரும்போது காத்து எங்க அடிக்கிறது? பங்க் வரைக்கும் அப்படியே ஓட்டலாமா?

தாருக்கு ஏறும் இடத்திலேயே அடிப்பது நல்லது. காற்று குறைந்த டயர் தார் ரோட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்ந்து சூடாகும், வேகம் போனால் பக்கச்சுவர் உள்ளே பிய்ந்து டயர் வெடிக்கலாம். பங்க் வரை போயே ஆக வேண்டும் என்றால் 30, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் தாண்டாமல் ஓரமாகப் போங்கள். கம்ப்ரசர் ஓடும்போது இன்ஜின் ஓடட்டும். பெரிய கம்ப்ரசராக இருந்தால் லைட்டர் துளையில் செருகாமல் நேராக பேட்டரியில் மாட்டுங்கள், இல்லையென்றால் ஃபியூஸ் போகும். சின்னக் கம்ப்ரசர் ஒன்றிரண்டு டயர் முடிந்ததும் கொதிக்கும், கொஞ்சம் ஆறவிட்டுத் தொடருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வாட்டர் சர்வீஸ் விட்டா போதும்தானே?

அன்றைக்கே விட வேண்டும், மேலே மட்டும் கழுவினால் போதாது. உப்பு தங்குவது அடியில்தான்: சேசிஸ் இடுக்கு, ஸ்பிரிங், பிரேக் டிஸ்க், சைலன்சர் மாட்டும் இடம். நல்ல தண்ணீர் கொண்டு அடிப்பக்கம் நிறைய நேரம் அலசச் சொல்லுங்கள். வீட்டு போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு வேறு தண்ணீர் பாருங்கள். ரிம்முக்கு உள்பக்கம் மணல் ஒட்டியிருந்தால் மறுநாள் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் உதறும், பேலன்சிங் போய்விட்டது என்று கடைக்கு ஓடுவீர்கள். முதலில் ரிம்மைக் கழுவிப் பாருங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து மணல் இருந்தால் தட்டிவிடுங்கள். டயர் நாலையும் வெளிப்பக்கம் உள்பக்கம் இரண்டிலும் தடவிப் பாருங்கள். முள்ளின் முனை முறிந்து உள்ளேயே இருந்தால் காற்று இறங்க ஒரு வாரம்கூட ஆகும்.